தறியும் மேடையும்: ருக்மிணி தேவியின் ஆடைக்கலை – ஒரு திறனாய்வு

ஆடற்கலையைத் திறனாய்வோர் அடவின் அழுத்தத்தையும் பாவத்தின் நுட்பத்தையும் பாடுவாரின் குரலையும் நுணுகி ஆராய்வர். ஆடுவார் உடலில் இருக்கும் ஆடையைப் பற்றி எழுத நேர்ந்தால் மட்டும் "கண்ணைக் கவர்ந்தது" என்ற ஒரே தொடரோடு நிறுத்திவிடுவர். ஆடையும் ஒருவர் எண்ணி அமைத்த படைப்பே. அதற்கும் ஆசிரியர் உண்டு, நடை உண்டு, காலம் உண்டு. குணமும் குற்றமும் உண்டு. ஒரு செய்யுளை எடைபோடுவது போலவே அதனையும் எடைபோடலாம்.

இவ்வாறு எடைபோடத் தவறியதனால் விளைந்த தீங்கு சிறிதன்று. தமிழ்ப் பள்ளிகளின் ஆண்டு விழாக்களில் சிலப்பதிகாரக் காட்சி நடைபெறுமாயின், மாதவியாக வரும் மாணவி பெரும்பாலும் விசிறி மடிப்பு வைத்துத் தைத்த பட்டுடையில் வந்து நிற்கிறாள். அந்த உடை பூம்புகாரிலிருந்து வழிவழியாக வந்தது என்று பிள்ளைகள் நம்புகின்றனர். ஆசிரியர் சிலரும் நம்புகின்றனர். உண்மையில் அவ்வுடைக்கு இன்னும் நூறு வயது நிறையவில்லை. அதனை உருவாக்கியவரின் பெயரும் தெரியும். அவரே கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் (1904–1986).

அவ்வம்மையாரை நடனத்துக்கு மறுவாழ்வு தந்தவர் என்று போற்றுவோரும் உளர். நடனத்தை அதன் உரியவர்களிடமிருந்து பிரித்தவர் என்று சாடுவோரும் உளர். இருதிறத்தாரும் அவரை ஆடுமகளாகவும் அமைப்பாளராகவுமே பார்க்கின்றனர். அவர் தமிழகத்தின் செல்வாக்கு மிக்க ஆடை வடிவமைப்பாளர்களுள் ஒருவர் என்ற கோணத்தில் நோக்கியவர் சிலரே. மேடைக்குரிய தைத்த உடை, வீட்டுக்கும் விழாவுக்கும் உரிய கைத்தறிப் பட்டுச் சேலை என அவர் விட்டுச்சென்ற படைப்புகள் இரண்டு. இவ்விரண்டின் தகுதியையும் குறையையும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றுச் சுருக்கம்

ருக்மிணி தேவி 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொறியாளர்; பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். அச்சபையின் தலைமையிடமான அடையாற்றில் ருக்மிணி தேவி வளர்ந்தார். 1920இல் ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். கணவருடன் பல நாடுகள் சென்றபோது ருசிய நடன மாது அன்னா பாவ்லோவாவின் நட்புக் கிடைத்தது. சொந்த நாட்டின் ஆடலைக் கற்குமாறு தூண்டியவர் பாவ்லோவாவே என்பர்.

1933இல் சென்னை மியூசிக் அகாதெமியில் பந்தணைநல்லூர் மரபினர் ஆடிய சதிராட்டம் அவர் கருத்தை ஈர்த்தது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அவர் பாடம் கேட்டார். 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் விழாவில் அடையாற்று ஆலமரச் சூழலில் மேடையேறினார். 1936 தொடக்கத்தில் கலாக்ஷேத்திரா தோன்றியது. அது 1962இல் திருவான்மியூருக்கு இடம் மாறிற்று. 1956இல் பத்மபூஷண் விருதும் 1957இல் சங்கீத நாடக அகாதெமி விருதும் அவரை அடைந்தன. 1986 பிப்ரவரி 24ஆம் நாள் அவர் மறைந்தார்.

முன்னிருந்த கோலம்

புதிய உடையின் தன்மையை அறிய வேண்டுமாயின் பழையதை முதலில் அறிதல் வேண்டும். பரம்பரை ஆடற்பெண்டிரின் பழைய ஒளிப்படங்கள் பல கிடைத்துள்ளன. அவற்றில் காணப்படும் கோலம் பெரும்பாலும் ஒன்றே. காலில் இறுகிய கால்சட்டை. அதன்மேல் சரிகைச் சேலையைச் சுற்றி, முன்புறம் கொசுவமாக விடுவர். மேலே உடலை நன்கு மூடும் ரவிக்கை. தலை முதல் கால் வரை நகைகள்.

இதில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. சதிர் ஆடையைத் துறந்து புதிய உடையை மேற்கொண்டது அடக்கம் கருதியே என்று பலர் எழுதிவிட்டனர். ஒளிப்படங்களோ அக்கூற்றுக்குச் சான்று கூறவில்லை. பழைய உடை கழுத்திலிருந்து கணுக்கால் வரை உடலை மூடியதே. ஆகவே "அடக்கம்" என்ற சொல் துணியைப் பற்றியதன்று; துணியை உடுத்தவரின் குலத்தையும் நிலையையும் பற்றியது. இந்த வேறுபாட்டை உணராமல் எழுதப்படும் நடன வரலாறு ஒருதலைப் பக்கமாகவே சாயும்.

பழைய உடையில் இடர்ப்பாடும் இருந்தது. பல முழத் துணியைச் சுற்றிக் கட்டுவதற்கு நேரம் வேண்டும். இடையில் துணி திரண்டு நிற்பதால் உடலின் கோடுகள் மறையும். சிறிய அவையில், அரண்மனைக் கூடத்தில், கோயில் மண்டபத்தில் அருகிருந்து பார்ப்பவர்க்கு அது குறையாகத் தோன்றாது. மின்விளக்கு ஒளிரும் உயர்ந்த மேடையில், நூற்றுக்கணக்கானோர் தொலைவிலிருந்து காணும் அரங்கில், அது குறையாகவே தோன்றும். ருக்மிணி தேவி ஆடவந்த காலம் அரங்கு மாறிய காலம். உடை மாறியதற்கு இதுவும் ஒரு தலையாய காரணம்.

புதிய உடையின் இலக்கணம்

புதிய உடையை அமைப்பதில் மதாம் கசான் என்ற இத்தாலியப் பெண்மணி துணைநின்றார். கோயிற் சிற்பங்களின் ஆடை மடிப்புகளை முன்மாதிரியாகக் கொண்டனர். கல்லில் செதுக்கிய பெண் உருவங்களில் இரு கால்களுக்கும் இடையே மடிப்பு மடிப்பாக ஆடை தொங்குவதைக் காணலாம். சிற்பி உளியால் காட்டிய அம்மடிப்பை ஊசியாலும் நூலாலும் காட்ட முடியுமா என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல்.

விடையாகப் பிறந்ததே விசிறி. கால்சட்டை, இடுப்புத் துணி, விசிறி, ரவிக்கை, மேலாக்கு என உடை பல உறுப்புகளாகப் பிரிந்தது. ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே வெட்டித் தைத்து, முடிச்சும் கொக்கியும் கொண்டு இணைத்தனர். ஆடுமகள் நேராக நிற்கும்போது விசிறி மூடியிருக்கும். அரைமண்டியில் அமர்ந்ததும் அது விரியும். முழங்கால்கள் பக்கவாட்டில் எவ்வளவு திறக்கின்றனவோ அவ்வளவுக்கு மடிப்பும் திறக்கும். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரும் அரைமண்டி சரியாக இருக்கிறதா இல்லையா என்பதை விசிறியைக் கொண்டே அளந்துவிடலாம்.

இலக்கணம் கற்பிப்போர்க்கு இது எளிதில் விளங்கும். சீர் பிரித்து அச்சிட்ட வெண்பாவில் தளை தட்டினால் கண்ணுக்கே புலப்பட்டுவிடும். சீர் பிரியாத ஏட்டில் செவிக்கு மட்டுமே புலப்படும். விசிறி மடிப்பு ஆடலைச் சீர் பிரித்துக் காட்டுகிறது. கோடுகளின் தெளிவுக்கும் அடவின் திருத்தத்துக்கும் முதலிடம் தரும் கலாக்ஷேத்திரப் பாணியும் இவ்வுடையும் ஒன்றையொன்று வளர்த்தன எனலாம். உடை நடையைப் பின்பற்றிற்றா, நடை உடையைப் பின்பற்றிற்றா என்று பிரித்துரைத்தல் அரிது.

ஒரு சேலையிலிருந்தே ஓர் உடையைத் தைக்கும் வழக்கிலும் நுட்பம் உள்ளது. பெரும்பாலும் சேலையின் முந்தி விசிறியாகிறது. கரை ஒவ்வோர் உறுப்பின் ஓரத்திலும் வந்து அமைகிறது. நெய்பவர் தலைப்பில் காட்டிய வேலைப்பாடு தோளில் கிடந்து மறையாமல் உடலின் நடுவே விரிகிறது. தையற்காரர் கத்திரிக்கோலை எடுக்குமுன் நெசவைப் படிக்க வேண்டியவராகிறார்.

நாட்டிய நாடகங்களுக்கும் இவ்வமைப்பு பெருந்துணை புரிந்தது. 1944இல் குற்றாலக் குறவஞ்சி அரங்கேறியது. 1955 முதல் 1970 வரை இராமாயணம் ஆறு பகுதிகளாக உருப்பெற்றது. ஒரே மாலையில் பலர் பல வேடம் தாங்கும் நாடகத்தில் விரைவாக மாற்றத்தக்க உடை இன்றியமையாதது. குறவஞ்சி நூலோ ஆடை அணிகளைப் பற்றியே ஓர் உரையாடலைக் கொண்டது. சிங்கியின் உடலில் காணும் ஒவ்வோர் அணியையும் சிங்கன் வியந்து கேட்க, அவை எந்தெந்த ஊரில் பெற்ற பரிசு என்று அவள் விடை கூறுவாள். அணிகலனே நாடகமாகிவிடும் இத்தகைய நூலை முதல் நாட்டிய நாடகமாகத் தேர்ந்தது, ஆடையின் ஆற்றலை உணர்ந்த ஒருவருக்குப் பொருத்தமான தேர்வே.

தறியில் செய்த பணி

மேடை உடையைக் காட்டிலும் நுண்ணிய பணி தறியில் நடந்தது. 1930களில் வசதி மிக்க குடும்பத்துப் பெண்கள் ஷிபான், ஜார்ஜெட் முதலிய மெல்லிய துணிகளை விரும்பத் தொடங்கினர். ஆலைத் துணி ஒருபுறமும் அயல்நாட்டு மோகம் மறுபுறமும் கைத்தறியை நெருக்கின. அப்போது கலாக்ஷேத்திராவுக்குள்ளேயே தறிகளை அமைத்து, பழைய சேலைகளின் கரைகளையும் நிறக்கூட்டுகளையும் மீண்டும் நெய்யச் செய்தார் ருக்மிணி தேவி. கமலாதேவி சட்டோபாத்யாயரின் ஊக்கம் இயற்கைச் சாயப் பணிக்கு வலுவூட்டியது. 1978இல் கலம்காரித் துணிக்கும் ஒரு மையம் ஏற்பட்டது.

காஞ்சிபுரத்துப் பட்டின் சிறப்புக் கோர்வையில் உள்ளது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்களை வீசி, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுமாறு நெய்வர். இதற்குத் தறியில் இருவர் வேண்டும். இருவரின் கையும் தாளம் தவறினால் கரையும் உடலும் சேருமிடத்தில் பிசிறு தட்டும். முந்தியை வேறு நிறப் பாவோடு இணைப்பது மற்றொரு கைத்திறன். பழைய நாளில் கரை உருவங்களை "அடை" என்ற கயிற்றமைப்பால் எழுப்பினர். பின்னர் ஜக்கார்டு பொறி அதன் இடத்தைப் பிடித்தது.

இந்த நெசவை ருக்மிணி தேவி கண்டுபிடிக்கவில்லை. அது நெசவாளர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கலை. அவர் செய்தது தேர்வு. அகலமான கரை, அதற்கு மாறுபட்ட உடல் நிறம், அரக்கு, கடுகு, மயில்கழுத்து போன்ற ஆழ்ந்த வண்ணங்கள், கோபுரம், அன்னம், உருத்திராக்கம் முதலிய பழைய கரை உருவங்கள், கண்ணைப் பறிக்காத அளவான சரிகை ஆகியவை அவர் தேர்வில் இடம்பெற்றன. பதிப்பாசிரியர் ஒருவர் பல ஏடுகளை ஒப்புநோக்கி நல்ல பாடத்தைத் தெரிந்து பதிப்பிப்பதைப் போன்றது இது. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை இயற்றியவர் அல்லர். ஆயினும் அவர் பதிப்பு இல்லையேல் பலர் அதனைக் கண்டிருக்க மாட்டார். அவ்வாறே பழைய கரைகள் பல மீண்டும் புழக்கத்துக்கு வந்ததில் இவ்வம்மையாரின் பங்கு பெரிது. "கலாக்ஷேத்திரா சேலை" என்று ஒரு வகையே வணிகர் வாயில் வழங்கலாயிற்று.

அமெரிக்க ஒப்புமை

ஆடை வடிவமைப்பாளர் என்ற சொல்லுக்கு முழுப் பொருள் காண, கடல் கடந்து ஓர் ஒப்புமை தேடலாம். ருக்மிணி தேவி பிறந்த மறு ஆண்டில், 1905இல், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தவர் கிளேர் மெக்கார்டெல். நியூயார்க்கிலும் பாரிசிலும் பயின்றவர். அமெரிக்கத் தையலகங்கள் பாரிசைப் பார்த்துப் படியெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், வேலை செய்யும் பெண்ணுக்கு என்ன தேவை என்று கேட்டவர் அவர். பருத்தி, டெனிம் போன்ற எளிய துணிகளை நாடினார். 1938இல் இடுப்புத் தையலே இல்லாத ஓர் அங்கியை அமைத்து, அணிபவரே கச்சையால் வேண்டியவாறு இறுக்கிக்கொள்ளச் செய்தார். போர்க்காலத்தில் வீட்டு வேலையைத் தாமே செய்ய நேர்ந்த பெண்களுக்காக 1942இல் மேலே போர்த்திக் கட்டும் எளிய உடையொன்றை வெளியிட்டார். 1944இல், காலணிக்குப் பங்கீடு இருந்த நாளில், நடனக் காலணிக்கு அடித்தோல் வைத்துத் தெருவில் நடக்கச் செய்தார். 1958இல் மறைந்தார்.

இருவர்க்கும் பொதுவானவை சில. இருவரும் அயல்நாட்டு மோகத்துக்கு மாற்றாகத் தம் மண்ணில் உள்ளதை நாடினர். இருவரும் உடலின் இயக்கத்திலிருந்தே உடையைச் சிந்தித்தனர். ஒருவர் நடன மேடையின் காலணியைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். மற்றவர் கோயிற் சிற்பத்தின் மடிப்பை மேடைக்குக் கொண்டுவந்தார்.

வேறுபாடுகளே மிகுதியும் கருதத்தக்கவை. மெக்கார்டெலின் உடைகள் ஆலையில் தைக்கப்பட்டு எளிய விலைக்கு வந்தன. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவும் பெண் தலையில் துணி சுற்றி முழுக்கைச் சட்டை அணிவது எவ்வாறு தொழிலின் தேவையால் பிறந்ததோ, அவ்வாறே அவர் உடைகளும் உழைப்பின் தேவையால் பிறந்தன. கலாக்ஷேத்திரா சேலையோ கைத்தறியின் மெதுவான உழைப்பில் விளைந்தது. எல்லார்க்கும் எட்டும் விலையில் அது கிடைத்தல் இயலாது. இது குற்றமன்று, இரு வழிகளின் இயல்பு.

மற்றொரு வேறுபாடு ஆழமானது. மெக்கார்டெலின் உடையில் அவர் பெயர் தைக்கப்பட்டிருந்தது. வடிவமைத்தவர் யார் என்று வாங்கியவர்க்குத் தெரியும். சிங்கப்பூரிலும் அத்தகைய சான்று ஒன்று உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண்களின் சாரோங் கெபாயா, 1968இல் அதன் முன்னோடி நிறுவனத்துக்காகப் பிரெஞ்சு நாட்டுப் பியேர் பால்மேன் அமைத்தது என்பது பலரும் அறிந்த செய்தி. கெபாயா மலாய், பெரானாக்கான் பெண்டிரின் பழைய உடை. 2024இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அது இடம்பெற்றது. பழைய உடை எது, பால்மேன் செய்த மாற்றம் எது என்று பிரித்தறிய அங்கே வழியுண்டு. பரதநாட்டிய உடைக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அமைத்தவர் பெயர் மறைந்தது. பெயர் மறைந்ததும் அது தொன்மையின் உருவாகவே மாறிற்று. படைப்பாளிக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை. வரலாற்றுக்கு இதைவிடப் பெரிய இழப்பும் இல்லை.

குற்றம் எங்கே?

குணம் நாடியபின் குற்றமும் நாடுதல் முறை. முதலாவது, சிற்பத்தைச் சான்றாகக் காட்டும் வாதம். சிற்பத்தில் உள்ளதையே மேடைக்குக் கொணர்ந்தோம் என்று கூறுவது கலையளவில் பொருந்தும், வரலாற்றளவில் பொருந்தாது. அச்சிற்பங்களில் ரவிக்கையும் இல்லை. கொக்கி வைத்த விசிறியும் இல்லை. சிற்பம் தூண்டுதல்தானே தவிர ஆவணம் அன்று. தூண்டுதலை ஆவணமாக்கியது பின்வந்தோர் செய்த பிழை. ஆயினும் அப்பிழைக்கு இடங்கொடுத்த பேச்சு தொடக்கத்திலேயே இருந்தது.

இரண்டாவது, மரபினரின் மறைவு. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பரம்பரை ஆடற்பெண்டிர் மேடையிலிருந்து விலகிய அதே காலத்தில் புதிய உடை பரவியது. உடை மாறியதும் பழையவர் நினைவும் கண்ணிலிருந்து அகன்றது. அம்மரபின் பெருங்கலைஞர் பாலசரசுவதி (1918–1984) சேலையைக் கட்டியே ஆடி வந்தார். 1976இல் சத்யஜித் ரே எடுத்த 'பாலா' என்ற ஆவணப்படம் அவர் ஆடலைக் காத்து வைத்துள்ளது. விசிறி இல்லாமலே அரைமண்டியும் அபிநயமும் எவ்வளவு நிறைவு பெறும் என்பதை அதில் காணலாம். ஒரு பாடம் சிறந்தது என்பதனால் மற்றப் பாடத்தை அழித்துவிடுதல் பதிப்பு நெறி ஆகாது. பாடவேறுபாடாகவேனும் அதனைக் காத்தல் வேண்டும்.

இப்பழி முழுவதையும் ஒரே பெண்மணியின் தலையில் சுமத்துவதும் அறமன்று. ஈ. கிருஷ்ண ஐயரின் முயற்சி, மியூசிக் அகாதெமியின் ஆதரவு, சட்டத்தின் நோக்கு, நடுத்தர வகுப்பாரின் விருப்பம் ஆகிய யாவும் சேர்ந்தே அம்மாற்றத்தை விளைத்தன. ருக்மிணி தேவி, கௌரி அம்மாளையும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் ஆசிரியராகப் போற்றியவர் என்பதையும் மறத்தல் கூடாது. ஆசிரியரைப் போற்றியவர் ஆசிரியரின் ஆடையைப் போற்றாது விட்டார் என்பதே வரலாற்றின் முரண்.

மூன்றாவது, செய்த கைகளின் பெயரின்மை. மதாம் கசானின் பெயராவது சில நூல்களில் உள்ளது. கரை நெய்த காஞ்சிபுரத்து நெசவாளர் பெயரோ, விசிறி மடித்த தையற்காரர் பெயரோ நிகழ்ச்சி மலர்களில் இடம்பெறுதல் அரிது. பாடுவார் பெயர் உண்டு. ஒளியமைப்பார் பெயர் உண்டு. நட்டுவாங்கம் செய்வார் பெயர் உண்டு. அனைத்துக்கும் நடுவே ஒளிரும் ஆடைக்கு மட்டும் பெயரில்லை.

மாதவி உடுத்தது

இனி, தமிழாசிரியர் கைக்கொள்ள வேண்டிய செய்திக்கு வரலாம். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை மாதவியின் கோலத்தை உறுப்பு உறுப்பாக விரிக்கிறது. கால்விரல் அணி முதல் தலைக்கோலம் வரை நகைகள் அடுக்கடுக்காக வருகின்றன. இடையில் முப்பத்திரண்டு வட முத்துக்கோவையும் பூவேலைத் துகிலும் கூறப்படுகின்றன. துகிலை அவள் உடுத்தாள் என்றே இளங்கோவடிகள் பாடுகிறார். விசிறியும் இல்லை, தைத்த கால்சட்டையும் இல்லை.

பண்டைத் தமிழர்க்குத் தையல் தெரியாது என்பதன்று இதன் பொருள். அதே காப்பியத்தில் இந்திரவிழவூர் எடுத்த காதையில் நெய்வார் "காருகர்" என்றும் தைப்பார் "துன்னகாரர்" என்றும் குறிக்கப்படுகின்றனர். முல்லைப்பாட்டில் யவனர் அணிந்தது "மெய்ப்பை". உடல் புகும் பை என்ற பொருளே அச்சொல்லில் அடங்கியுள்ளது. சுற்றிக் கட்டுவது வேறு, உள்ளே புகுவது வேறு என்பதைத் தமிழ் தெளிவாகவே பிரித்தது. இன்றும் சேலையை உடுத்துகிறோம் என்பர். சட்டையைப் போடுகிறோம் என்பர். சேலையைப் போட்டாள் என்றால் காது ஒப்பாது. பரதநாட்டிய உடையைச் சேலையிலிருந்தே தைத்தாலும் அதனை உடுத்தாள் என்று எவரும் சொல்வதில்லை. போட்டாள் என்றே சொல்வர். வரலாற்றாசிரியர் மறந்ததை வழக்குமொழி மறக்கவில்லை. சேலை உடையாக மாறிய அந்த நொடியை ஒரு வினைச்சொல் பதிவு செய்து வைத்திருக்கிறது.

பொங்கோல் வரை வந்த வழி

இவ்வுடை சிங்கப்பூரில் வேரூன்றிய வரலாறும் தனித்து எழுதத்தக்கது. 1952இல் கே.பி. பாஸ்கர் சிங்கப்பூரில் நடனப் பணியைத் தொடங்கினார். 1955இல் வந்து சேர்ந்த சாந்தா பாஸ்கர், சீனர்களின் பட்டாம்பூச்சிக் காதலர் கதையை 1958இல் பரதநாட்டிய வடிவில் படைத்தார். இந்திய ஆடல் சீனக் கதையைச் சொல்லத் துணிந்தபோது, எந்த உடையும் ஒரே இனத்தின் பழமைச் சின்னமாக மட்டும் நிற்க முடியாது என்பது இந்நகரில் அப்போதே தெளிவாயிற்று. கலாக்ஷேத்திராவில் பயின்ற நீலா சத்தியலிங்கமும் கணவர் சத்தியலிங்கமும் 1977இல் அப்சராஸ் ஆர்ட்ஸ் அமைப்பை நிறுவினர். அவ்வழியே திருவான்மியூரின் பாணியும் நிறச்சுவையும் நேரடியாகச் சிங்கப்பூரை அடைந்தன. நீலா சத்தியலிங்கத்துக்கு 1989இலும் சாந்தா பாஸ்கருக்கு 1990இலும் நாட்டின் உயரிய கலாசாரப் பதக்கம் கிடைத்தது.

அவர்கள் வந்த காலத்தில் பொங்கோல் பண்ணைகளும் மீனவர் குடிகளும் நிறைந்த கடலோரம். 1996இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின் வழி அது வீவக அடுக்குமாடிகளின் நகரமாக வளர்ந்தது. 2023இல் அங்கு வட்டார நூலகமும் திறக்கப்பட்டது. இத்தகைய புதுநகரங்களில் வளரும் பெண்பிள்ளைகளுக்கு நடன வகுப்பு தமிழோடு உறவாடும் வாயில்களுள் ஒன்று. தேக்காக் கடையில் வாங்கிய சலங்கையும் சென்னையில் தைத்து வந்த உடையும் பெருவிரைவு ரயிலில் அவர்களோடு பயணம் செய்கின்றன. பலர்க்கு வாழ்நாளில் முதன்முதல் அணியும் பட்டு அதுவே. ஆகவே அதனைப் பற்றி என்ன சொல்லிக் கொடுக்கப்படுகிறது என்பது அற்பச் செய்தி அன்று.

இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்று சொல்லிக் கொடுத்தால் அப்பிள்ளை பெருமைப்படும். வளர்ந்தபின் உண்மை அறிந்து, கற்பித்த மற்றவற்றையும் ஐயுறும். 1935இல் ஒரு தமிழ்ப் பெண்ணும் ஓர் இத்தாலியப் பெண்ணும் கோயிற் சிற்பத்தைப் பார்த்து, கைத்தறிப் பட்டை வெட்டி இதனை அமைத்தனர் என்று சொல்லிக் கொடுத்தால் அதிலும் பெருமை குறையாது. தன் முன்னோர் காத்தவர் மட்டும் அல்லர், படைத்தவரும் ஆவர் என்பதை அது அறியும்; தானும் படைக்கலாம் என்ற துணிவும் பிறக்கும்.

இதற்குப் பெருமுயற்சி வேண்டியதில்லை. சிலப்பதிகாரப் பாடம் நடத்தும்போது கடலாடு காதையின் அணிகலப் பட்டியலையும் மேடை உடையையும் அருகருகே வைத்து ஒப்பிடச் செய்யலாம். உடுத்தல், அணிதல், போடுதல், தரித்தல் என்ற வினைகளுக்கு எடுத்துக்காட்டுத் தேடச் செய்யலாம். பாவு, ஊடை, கரை, முந்தி, கோர்வை என்ற சொற்களை ஒரு பழைய சேலையை விரித்துக் காட்டிக் கற்பிக்கலாம். ஆண்டு விழாவில் மாதவி மேடையேறும்போது, தைத்த உடைக்கு மாற்றாக ஒரு துகிலை உடுத்திப் பார்க்கலாம். தைத்த உடையே வேண்டுமென்றால், அது அடையாற்றில் பிறந்தது என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்க்கலாம்.

ருக்மிணி தேவி அம்மையார் நிறத்தையும் அளவையும் தேர்வதில் தலைசிறந்தவர். அவர் அமைத்த மேடை உடை, ஆடலின் இலக்கணத்தைக் கண்ணுக்குப் புலனாக்கியது. அவர் தேர்ந்த கரைகள், தறிக்கு மதிப்பை மீட்டுத் தந்தன. அவ்வுடையின் பிறப்பை மறைத்த தொன்மைப் புகழ்ச்சி அவருக்கும் நன்மை செய்யவில்லை, அவருக்கு முன் ஆடியவர்களுக்கும் நன்மை செய்யவில்லை. படைப்பாளியாக அவரை மதித்தால், அவர் மாற்றியது எது, இழக்கச் செய்தது எது, எவர் கைகளைக் கொண்டு செய்தார் என்ற மூன்று வினாக்களையும் கேட்டே ஆகவேண்டும். அடுத்து அச்சாகும் பள்ளி விழா மலரில் நெய்தவர் ஊரையும் தைத்தவர் பெயரையும் சேர்த்து அச்சிட்டால், மூன்றாம் வினாவுக்கேனும் விடை கிடைக்கத் தொடங்கும்.